கை வைத்த நேரம்

மேனேஜர் டவுனுக்குப் போயிருக்கிறார், பைக் சாவி அவர் மேசை டிராயருக்குள் இருக்கிறது, இப்ப வந்துருவாவ, இப்படி இருங்கம்மா என்று வாட்ச்மேன் பலவேசம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து பிளேன் ஷெட்டின் நிழலில் போட்டபோதே பொன்ஷீலாவுக்கு உள்ளே பற்றிக்கொண்டுவிட்டது. இருங்கம்மா. இந்த இரண்டு மாதமாக எல்லோரும் அவளிடம் சொல்வது இது ஒன்றைத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், இருங்கம்மா, டாக்டர் இப்ப வருவாரு. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த பாஸ்டர், கர்த்தருக்குக் காத்திருங்கம்மா. இதே மேனேஜர் போன வாரம் வந்து, கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா, ஒரு வழி பண்ணுவோம். இருக்கச் சொல்கிறவர்கள் எல்லாம் நின்றுகொண்டே சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அவள் உட்கார்ந்தாள். உட்காராமல் என்ன செய்வது, காலையில் புருசன் ஆசீருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு, மகள் பெனிட்டாவுக்குத் தலை பின்னிவிட்டு, அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோவில் இறங்கி மெயின் ரோட்டிலிருந்து உடைமரக் காட்டுக்குள் வெயிலில் நடந்து வந்த கால். எதிரே சுவரோரம் புருசனுடைய பைக் நின்றது. சீட் முழுக்கக் குருவி எச்சம். அன்றைக்குக் காலையில் அவர் நிறுத்திவிட்டுப் போன இடத்தில், அதே சாய்வில், வெயிலில். பதினெட்டு வருசம் இங்கே, பறக்கச் சொல்லிக்கொடுக்கிற இந்தப் பள்ளியில், பிளேன் மெக்கானிக்காக இருந்த மனுசனின் வண்டி அது. அதை நான்கடி தள்ளி நிழலில் வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பிளேன் எல்லாம் ஷெட்டுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது. பிளேனுக்குப் போர்வை.

மேலே ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் அவள் அதைப் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டாள், கிரைண்டரில் அரிசி பாதி அரைபடும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம், தெற்கே போய்த் தேய்ந்து, கருவேலங்காட்டுக்குப் பின்னால் வளைந்து, மறுபடி பெரிதாகி, கரிசல்காட்டு நடுவில் வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகப் போட்டுவிட்டுப் போன அந்த ரன்வேயில் ஒரு தடவை காலைத் தேய்த்துவிட்டு நிற்காமல் திரும்ப ஏறிப் போனது. இறங்கப் பழகுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று ஆசீர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் அவளைக் கூட்டிவந்து, பறக்கக் கற்றுக்கொடுக்கிற கேப்டன் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிளேனின் முன் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, இது வேகத்துக்கு, இது உயரத்துக்கு என்று ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக் காட்டியபோது அந்தக் கைவிரலைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாத விரல், சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு, கல்யாணத்தன்று மோதிரம் போடும்போதுகூட இருந்த கறுப்பு. போதும். அதை நினைக்கக் கூடாது என்று வரும்போதே முடிவு செய்திருந்தாள். பலவேசம் கையை நெற்றிக்குக் கொடுத்து மேலே பார்த்து, "அதாம்மா, அதே பிளேன்தான். முன்னால சுத்துத ஃபேன வெளிநாட்டுல இருந்து புதுசா வரவழைச்சு மாட்டிட்டாவ. இப்ப முன்னவிட நல்லாப் போவுது" என்றான். பொறாமையோ பொல்லாப்போ இல்லாமல், சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை காய்ச்சல் தேறியதைச் சொல்கிற மாதிரி சொன்னான். நல்லது என்றா சொல்வது. அதே பிளேன். வால் பக்கம் மஞ்சள் பட்டை போட்டது. அவள் ஏறி உட்கார்ந்ததும் அதில்தானா, இருக்காது, இருக்கும், எதுவாக இருந்தால் என்ன. அதற்குப் புதிது வரவழைத்து மாட்டியாகிவிட்டது. முன்னைவிட நல்லாப் போகிறது.

ஏதோ உயிர் பிழைச்சாரே. இதை முதலில் யார் சொன்னது என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள், நாத்தனாரா, பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியா, ஆப்பரேஷன் முடிந்து வெளியே வந்த அந்தச் சின்ன டாக்டரா. பிறகு ஊரே சொன்னது. கோயிலில் சொன்னார்கள், ரேஷன் கடையில் சொன்னார்கள், அங்கன்வாடிக்குப் பிள்ளையை விட வந்த தாய்மார் ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஏதோ உயிர் பிழைச்சாரே டீச்சர். அதைச் சொன்ன பிறகு அவள் தலையை ஆட்டி ஆமா என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்களுக்கு நிம்மதி. ஆமா ஆமா என்று சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப் போனது. அந்த 'ஏதோ'தான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. போனது ஏதோ ஒரு கை, வலது முழங்கைக்குக் கீழே ஏதோ கொஞ்சம். சோற்றைப் பிசைகிற கை, பைபிளைப் புரட்டுகிற கை, பெனிட்டா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பயந்து பயந்து பிள்ளையின் தலையைத் தாங்கிய கை. இரண்டாவதாக வருவது, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். இதை எதிரே சொல்லமாட்டார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்வார்கள், அவள் காதில் விழும் என்று தெரிந்தே. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை விழுந்து நெற்றியில் ரத்தத்தோடு அழுதால் அவள் போய் யார் தள்ளிவிட்டது என்று கேட்பாள். சுற்றி நிற்கிற அத்தனை வாண்டும் ஒரே குரலில், அவனே விழுந்தான் டீச்சர் என்று சொல்லும். மூன்று வயசுக்கு அந்தப் புத்தி வந்துவிடுகிறது. அவள் சிரித்துக்கொண்டே மருந்து போடுவாள். இந்த இடத்து ஆட்கள், வளர்ந்த ஆட்கள், கோட்டுப் போட்ட ஆட்கள், தோளில் தங்கப்பட்டை குத்தியவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்று அதையேதான் சொன்னார்கள். யார்ட்டயும் சொல்லாம அவராவே போய் ஃபேன்ல கைய வச்சுட்டாரும்மா. எந்த நேரத்துல கை வச்சாரோ. நேரத்தின் மேல் போட்டுவிட்டார்கள் பழியை. நேரம் வந்து மறுத்துப் பேசவா போகிறது.

சத்தம் மறுபடி கிட்டே வந்தது. அவள் காதைப் பொத்த நினைத்துக் கையை எடுத்தாள், பலவேசம் பார்க்கிறான் என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அன்றைக்கு போன் வந்தபோது அவள் அங்கன்வாடியில் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பிளேன்ல அடிபட்டுருச்சு என்றது ஒரு குரல். அந்த நொடியில் அவள் மனசில் வந்தது பயம் இல்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்லமாட்டாள், அவளுக்கு வந்தது கோபம். என்னிடம் சொல்லாமல் பறக்கப் போனாரா. என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் மேலே போய் விழுந்தாரா. பதினெட்டு வருசத்தில் ஒரு தடவைகூட அவரை ஏற்றிக்கொண்டு யாரும் ஊரைச் சுற்றிக் காட்டியதில்லை, ஒருநாள் கேப்டன் கூப்பிடுவாரு என்று சொல்லிக்கொண்டே இருப்பார், கூப்பிட்டுவிட்டார் போல என்று நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, பிளேன் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஒரு சாண் நகரவில்லை. அது அது பாட்டுக்கு இதே ஷெட்டு முன்னால் நின்றுகொண்டிருந்தது, இந்தச் சிமெண்டுத் தரையில், எங்கே, அந்த எண்ணெய்க் கறை பக்கத்திலா, அல்லது அங்கே புதிதாகக் கழுவிவிட்ட மாதிரி வெளுப்பாக இருக்கிறதே அங்கேயா. அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கண் திரும்பப் போனது. மாவு ஒட்டிய கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளிடம் கையெழுத்து வாங்கினார்கள், பிறகு ஒரு ஆள் வந்து, கொஞ்சம் தயங்கி, அந்தக் கையை நீங்க எடுத்துட்டுப் போறீங்களா இல்ல நாங்களே பாத்துக்கவா என்று கேட்டான். அவளுக்குப் புரியவில்லை. எந்தக் கையை என்று கேட்டாள். ஆசீரின் தம்பி அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு அவனோடு போனான். சாயங்காலம் கால் நிறையச் செம்மண்ணோடு வந்தான். கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை, யார் பக்கத்தில், மேலே ஏதாவது அடையாளம் வைத்தானா, எதையும் அவள் இதுவரை கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பதே பெரும்பாடாக இருக்கிறது, இதில் இடம் வேறு தெரிந்துவிட்டால். உயிரோடு இருக்கிற மனுசனில் ஒரு பங்கு அங்கே படுத்திருக்கிறது, மீதி வீட்டில் சன்னல் பக்கம் உட்கார்ந்து இடது கையால் ஸ்பூனைப் பிடிக்கப் பழகுகிறது.

ஊரார் மேல் வந்த கோபமெல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தச் சன்னல் பக்கம்தான் போய் நிற்கிறது. ஆசீர் மேல்தான். என் கவனப்பிசகுதான் என்று அவரும் சொல்கிறார், மேனேஜரிடம் சொன்னார், பார்க்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னார், பெனிட்டா அழுதுகொண்டே அந்தப் பிளேனை எரிச்சுப் போடணும்ப்பா என்று சொன்னபோது, அது ஒண்ணும் செய்யலம்மா, அப்பாதான் கவனிக்காம விட்டுட்டேன் என்று அவள் தலையைத் தடவப் போனார், தடவுகிற கை இல்லாததால் தோள்பட்டை மட்டும் அசைந்தது, பிறகு இடது கையைக் கொண்டுவந்தார். கவனப்பிசகாம். யாருக்கு. ராத்திரி படுக்குமுன் கேஸ் குமிழை மூடினாயா என்று கேட்டுவிட்டு, மூடினேன் என்று அவள் சொன்ன பிறகும் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறவர். ஃபியூஸ் போடுவதற்கு மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரை வைத்துவிட்டு, அதற்கப்புறமும் அவளைக் கூப்பிட்டுத் தெருவில் கரண்ட் இருக்கா பார் என்கிறவர். பைக்கில் வால்வு மூடியைக்கூட மூன்று தரம் திருகுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஜாக்கிரதையைச் சகித்துக்கொண்டு சகித்துக்கொண்டு அவளுக்கே அலுத்துப் போயிருந்தது, உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு பூட்டைக் கட்டியிருக்கலாம் என்றுகூட ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்டவர் யாரிடமும் சொல்லாமல், கேட்காமல், தூக்கத்தில் நடப்பவர் மாதிரி போய் அதில் கையை வைத்தாராம். அவள் இதை நம்பவில்லை. நம்பவில்லை என்று அவரிடம் சொன்னாள். விடு ஷீலா என்றார். ஏன் விடணும் என்றாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்து அவள் என்னென்னவோ சொன்னாள், சொல்லக்கூடாத வார்த்தையும் ஒன்று வாயில் வந்துவிட்டது, அவர் திரும்பவே இல்லை, மறுநாள் காலையில் சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனபோது வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி, கண்ணை மட்டும் அவள் பக்கம் கொண்டுவராமல். அது அவளை அடித்தது மாதிரி இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

போன வாரம் மேனேஜர் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தது நல்ல மனசோடு வந்ததல்ல. வியாழக்கிழமை பிளேன் விபத்தை விசாரிக்கிற பெரிய ஆபீசில் இருந்து ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள், நீங்க எங்ககிட்ட சொன்னதையே அவங்ககிட்டயும் சொல்லிருங்க ஆசீர், எல்லாருக்கும் நல்லது, நீங்க வேலைய விட்டு எங்கயும் போக வேண்டாம், கேட்டுல ஒரு நாற்காலியப் போட்டு உக்கார வச்சுருதோம், நம்ம பிள்ளைங்க வாராங்க போறாங்கன்னு பாத்துக்கிட்டா போதும். ஆசீர் சரி சார் என்றார். சார் என்று சொல்லும்போது கொஞ்சம் எழும்பக்கூடச் செய்தார். போகும்போது, உங்க பைக்கு அங்க சும்மா கிடக்கு, யாரையாவது விட்டு எடுத்துக்கிடுங்க என்றார் மேனேஜர். யாரையாவது விட்டு. அந்தக் கேட்டு நாற்காலி இதுதானோ என்று இப்போது அவளுக்குத் தோன்றியது, இந்தச் சிவப்பு நாற்காலி, ஒரு கால் லேசாக ஆடுகிற இது. இதில் அவர் உட்கார்ந்திருப்பார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பாள் அவள்தான். கேப்டன் கார் வந்தால் எழுந்து இடது கையால் சலாம் வைப்பார், ஓடிப்போய் இடது கையால் கேட்டை இழுப்பார், மேலே அது சுற்றிக்கொண்டே இருக்கும், புது ஃபேன் மாட்டிக்கொண்டு, முன்னைவிட நன்றாக. வருகிற பிள்ளைகள் எல்லாம், இவர்தான் தானா போய்க் கைய விட்டவர் என்று காதோடு சொல்லிக்கொள்வார்கள். இவள் மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவர வேண்டும். சாகிறவரைக்கும். பொன்ஷீலா விருட்டென்று எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. பலவேசம் பதறி, "என்னம்மா, தண்ணி வேணுமா" என்றான். வேண்டாம் என்றாள். உட்காருங்கம்மா என்றான். "நான் நிக்கேன். நீங்க போங்க" என்றாள், குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. ஒன்றுமறியாத ஆள். இவன் மேல் காட்டி என்ன பிரயோசனம். காட்ட வேண்டிய ஆள் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் அவள் வந்தது. பைக்கை ஆசீரின் தம்பியை அனுப்பி எடுத்திருக்கலாம், அவளுக்கு கியர் வண்டி ஓட்டவே தெரியாது. அன்றைக்குப் பிளேனுக்குள் உட்கார்ந்திருந்தது பறக்கப் படிக்க வந்த ஒரு பெண்பிள்ளை, ஈரோட்டுப் பக்கம், பேர் மதுவந்தி என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்து அந்தப் பெண் எதையோ திருகியிருக்கிறாள், வெளியே அவர் கை போய்விட்டது, வேறெப்படி நடந்திருக்க முடியும். இரண்டு மாதத்தில் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தைப் பல நாளாகச் செய்து வைத்திருந்தாள் பொன்ஷீலா. பாத்திரம் கழுவும்போது செய்தது. ஷேர் ஆட்டோவில் மறுபடி சொல்லிப் பார்த்து, தேவையில்லாத சொல்லை எடுத்துவிட்டு, இன்னும் கூர்மையாக்கி வைத்திருந்தது.

பிளேன் இந்தத் தடவை ஏறவில்லை. தரையில் ஓடி, வேகம் குறைந்து, ஒரு மூக்கு நீண்ட பூச்சி மாதிரி ஆடி ஆடி ஷெட்டை நோக்கி வந்தது. முன்னால் சுற்றுகிற அது கண்ணுக்குத் தெரியவில்லை, காற்றில் ஒரு மினுமினுப்புதான் தெரிந்தது, அதற்குள் ஒன்றுமே இல்லாத மாதிரி. கை நுழைந்தால் அந்தப் பக்கம் வந்துவிடும் போல. பின்னால் நகரக் கூடாது என்று பொன்ஷீலா காலை ஊன்றிக்கொண்டாள். வெகு தூரத்திலேயே அது நின்றுவிட்டது. சத்தம் அறுந்ததும் மினுமினுப்பு இரண்டு பலகையாக மாறி, ஒரு உலுக்கலோடு அசையாமல் நின்றது. பளபளவென்று, நுனியில் சிவப்புச் சாயம் அடித்த புது விசிறி. கதவைத் திறந்துகொண்டு தனியாக இறங்கியது ஒல்லியான ஒரு பெண். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. விசிறியின் பக்கமே போகாமல், வாலைச் சுற்றி, தேவையில்லாத தூரத்துக்குச் சுற்றி நடந்து வந்தாள். கிட்டே வந்து பைக்கையும் அதன் பக்கத்தில் நிற்பவளையும் பார்த்ததும் நின்றுவிட்டாள். பெனிட்டாவை விட ஏழெட்டு வயசுதான் கூட இருக்கும், கழுத்து அட்டையில் மதுவந்தி என்று எழுதியிருந்தது.

"ஆசீரண்ணன் வீட்டு அக்காதானுங்க?"

பொன்ஷீலா செய்து வைத்திருந்ததை எடுத்தாள். "என் வீட்டுக்காரர் கைய வாங்கிட்டுப் பறக்கப் படிக்கியே. நல்லா வருதா?"

அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டாள். முகம் சுருங்கவில்லை, எதிர்பார்த்திருந்தது போல இருந்தது. "வரலீங்க்கா" என்றாள். "இறக்கவே வரமாட்டேங்குது. கை நடுங்குது. இப்ப பறக்கலைன்னா எப்பவும் பறக்கமாட்டேன்னு கேப்டன் தெனமும் ஏத்தி விடறாரு."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

"வாசல் வரைக்கும் வந்தேனுங்க. யாருகிட்டயும் பேசக்கூடாதுன்னு சொல்லித் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டாங்க."

"பேசினா என்ன?"

அந்தப் பெண் ஷெட்டின் உள்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பலவேசம் கேட்டுப் பக்கம் போயிருந்தான். "அண்ணன் சொல்லாம வந்து கை வச்சாருன்னுதானுங்க சொல்றாங்க. அப்படி இல்லீங்க்கா. காலைல முதல்ல கிளப்பறதுக்கு முன்னாடி ஃபேனைக் கையால ரெண்டு சுத்து விடோணும், எண்ணெய் பரவறதுக்கு. அண்ணன் முன்னாடி வந்து நின்னு, சாவி ஆஃப்தானம்மான்னு கேட்டாரு. ஆஃப்தானுங்கண்ணான்னேன். எடுத்துக் காட்டுன்னாரு. நான் சாவியை உருவி ஜன்னல் வழியா வெளிய நீட்டிக் காட்டினேனுங்க. அதைப் பார்த்துட்டு, சரின்னு தலையாட்டிட்டுத்தான் கை வச்சாரு. சாவி என் கையிலதான் இருந்துச்சு. இந்தக் கையில. ஃபேன் தானா ஒரு வெட்டு வெட்டி நின்னுது."

எடுத்துக் காட்டு என்றாராம். கேட்டிருக்கிறார். கேட்டதும் போதாமல் காட்டச் சொல்லியிருக்கிறார். கேஸ் குமிழைத் தொட்டுப் பார்க்கிற அதே மனுசன்தான் அங்கே நின்றிருக்கிறார், வேறு யாரோ இல்லை. அப்படியானால் இந்த இரண்டு மாதமாக வீட்டில் சன்னல் பக்கம் உட்கார்ந்து என் பிசகு என் பிசகு என்று சொல்வது யார். பொன்ஷீலாவுக்குத் தலைக்குள் ஒரு பக்கமாகச் சூடு ஏறியது. எதிரே நிற்கிறவளை அறைய வேண்டும் போலவும், பிடித்து உலுக்கி இன்னொரு தரம் சொல்லச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. சாவி கையில் இருக்கும்போது அது எப்படிச் சுற்றும் என்று கேட்டாள்.

"சாவி போடற சுவிட்சு கெட்டுப் போயிருந்துதுங்க. ஆஃப் பண்ணினாலும் உள்ளுக்குள்ள கரண்ட் ஓடிட்டே இருந்திருக்கு, கையால சுத்துனதும் பத்திக்கிச்சுங்க. அடுத்த நாளே அதை மாத்திட்டாங்க்கா. ஃபேனு வர்றதுக்கெல்லாம் முன்னாடி, யாரும் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி, முதல்ல அதைத்தான் மாத்தினாங்க."

அடுத்த நாளே. அடுத்த நாள் ஆசீருக்கு மயக்கம்கூடத் தெளியவில்லை. இவள் வராந்தாவில் இருங்கம்மா என்று சொல்லப்பட்டு இருந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் இந்த ஷெட்டுக்குள் ஒருவர் குனிந்து உட்கார்ந்து திருப்புளியால் ஒவ்வொரு திருகாகக் கழற்றியிருக்கிறார். கழற்றியதை எங்கே போட்டார்களோ. தெரியாமல் செய்தவர்கள் முதலில் அழுவார்கள், ஓடுவார்கள், கையைப் பிசைவார்கள். இவர்களுக்கு முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பொன்ஷீலா பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். ஆசீர் எடுக்க நேரமானது, இடது கையில் போன் எப்போதும் வழுக்கும். எடுத்ததும் அவள் போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "என்கிட்ட சொன்னத அவியகிட்ட சொல்லு."

மதுவந்தி பின்னால் நகர்ந்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். அண்ணா என்றாள். அந்தப் பக்கம் ஆசீர்தான் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவள் ம், ம் என்றாள், சாப்பிட்டேனுங்கண்ணா என்றாள். பிறகு ஒரே மூச்சில், "நீங்க கேட்டீங்கண்ணா. நான் காட்டினேன். நான் அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைய ஏன் தொந்தரவு பண்ணுத" என்றார் ஆசீர்.

"கேட்டீங்களா இல்லையா?"

வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் போனுக்குள் கேட்டது.

"கேட்டேன்" என்றார். "கேட்டுட்டுத்தான் வச்சேன் ஷீலா. சாவியக் காட்டினா. பாத்தேன்."

"பிறகு ஏன் என் பிசகு என் பிசகுன்னு சொல்லிட்டு இருக்கிய?"

"எனக்கு அது தெரியும். சுவிட்சு. ஒரு வாரமாவே சந்தேகம். ஆஃப் பண்ணாலும் இன்ஜின் உடனே சாவல, இழுத்துட்டே நின்னுது. கேப்டன்ட்ட சொன்னேன். அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கிடலாம்னாரு. சொன்னவனே போயி கைய வச்சேன். அத எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லச் சொல்லுத. தெரிஞ்சே வச்சான்னுல்லா சொல்லுவாங்க."

"யாரு வைக்கச் சொன்னது?"

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"தூக்கத்துலயா போயி வச்சிய? யாரு சொன்னது?"

"கேப்டன்தான். நேரமாவுது, சுத்தி விடுன்னாரு. மாட்டேன்னு சொல்லிருக்கணும். பதினெட்டு வருசத்துல ஒருநாளும் மாட்டேன்னு சொன்னதில்ல. வாயில வரல ஷீலா."

அவர் அழுகிறார் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது அழாதவர், கை இல்லாததை முதன்முதலில் குனிந்து பார்த்தபோது அழாதவர். அழாதீங்க என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அழட்டும். இரண்டு மாதமாக அவர் முதுகிடம் சண்டை போட்டவளுக்கு இப்போதுதான் மனுசன் முகம் கிடைத்த மாதிரி இருந்தது. அவர் மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை வாயில் வராத மனுசனோடு இன்னும் எத்தனை காலம். ஆனால் அந்தக் கோபத்துக்கு அவசரமில்லை, அதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். "வியாழக்கிழமை இதையே சொல்லுங்க" என்றாள். "நீங்க கேப்டன்ட்ட சொன்னதையும் சொல்லணும், வச்சதையும் சொல்லணும், அவரு வைக்கச் சொன்னதையும் சொல்லணும். ஒண்ணையும் விடக்கூடாது." பிறகு எதிரே நிற்கிறவளைப் பார்த்து, "நீயும் வருவியா?" என்றாள்.

மதுவந்தி கழுத்தில் கிடந்த அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "படிப்பு நடுவுல நின்னு போயிருமுங்க்கா" என்றாள் மெதுவாக. அதைக் கேட்டதும் பொன்ஷீலாவுக்குச் சுரீரென்றது, இதுவும் அப்படித்தானா, இதுவும் அவரே விழுந்தார் டீச்சர் என்று சொல்லிவிடப் போகிறதா. இந்தப் பிள்ளைக்கு இருபது வயசுகூட இருக்காது. இதற்கும் ஒரு தாய் ஈரோட்டில் போனை வைத்துக்கொண்டு, மகள் மேலே பறந்து பத்திரமாக இறங்கினாளா என்று காத்துக்கொண்டிருப்பாள். இருந்தால் என்ன. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அப்பாவின் தோளைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறது. வா என்று கெஞ்ச அவளுக்கு மனசில்லை. வராவிட்டால் பார் என்று மிரட்டவும் வரவில்லை. அவள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவள் பதில் சொல்லாமல் எங்கும் போக முடியாது என்பது போல.

கேட்டுப் பக்கம் ஹார்ன் அடித்தது. பலவேசம் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். மேனேஜரின் வெள்ளைக் கார் புழுதியோடு உள்ளே வந்து ஆபீஸ் முன்னால் நின்றது. அவர் இறங்கி, ஷெட்டுப் பக்கம் இரண்டு பெண்கள் சேர்ந்து நிற்பதைப் பார்த்து, கதவைச் சாத்த மறந்து அங்கேயே நின்றார். மதுவந்தியின் கை கயிற்றை விட்டது. ஓடிவிடுவாள் என்று நினைத்தாள் பொன்ஷீலா. ஓடவில்லை. இரண்டடி தள்ளி, பைக்கின் பின்பக்கம் போய், வெயிலில் நின்றுகொண்டாள்.

"வாங்கம்மா வாங்க" என்று மேனேஜர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ரொம்ப நேரமாச்சா? உக்காரச் சொல்லலியா யாரும்? உக்காருங்க, இந்தா சாவிய எடுத்துட்டு வாரேன்."

போனுக்குள் ஆசீர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஷீலா, நீ ஒண்ணும் பேசாத. சாவிய வாங்கிட்டு வந்துரு" என்றார்.

"நீங்க வைக்காதீங்க. கேட்டுட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, போனை அணைக்காமல் கையில் பிடித்தபடி, பொன்ஷீலா காரை நோக்கி நடந்தாள்.